ஜெனரலை விடுங்க, பெட்ரோலைப் பாருங்க: 21வது பான்சர் டிவிஷனோட பாலைவன வரலாற்றை சேலத்துல உக்காந்து படிக்கிறது எப்படி

ரெண்டாம் உலகப் போர்ல வடக்கு ஆப்பிரிக்கா பாலைவனத்துல ஜெர்மன் படையை நடத்தின ஜெனரல் ரோமெல் பத்தி வீடியோ நாலு பாத்துட்டு, டேங்க் கேம் ஆடிட்டு, "அண்ணா இதை முறையா படிக்கணும்னா எங்க ஆரம்பிக்கறது"ன்னு கேக்கற பசங்க நம்ம சேலத்துல நிறைய பேர் இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இது. வடக்கு ஆப்பிரிக்கா போர் மொத்தத்தையும் ஒரே மூச்சுல படிக்கப் போனா ரெண்டே வாரத்துல விட்டுடுவீங்க, ஏன்னா முன்னாடி போறான் பின்னாடி வர்றான், திரும்ப முன்னாடி போறான், ஊர் பேரெல்லாம் ஒரே மாதிரி இருக்கு, தலை சுத்திடும். அதனால ஒரே ஒரு டிவிஷனை மட்டும் எடுத்துக்கங்க, 1941 பிப்ரவரில இருந்து 1943 மே வரைக்கும் அது பின்னாடியே போங்க. ஜெனரல் என்ன சொன்னாருங்கறதை ரெண்டாவதா வெச்சுக்கிட்டு, அந்த டிவிஷன்கிட்ட அன்னிக்கு எவ்வளவு பெட்ரோல் இருந்துச்சு, எதிர்ல நின்னது யாருங்கற ரெண்டு கேள்வியையும் ஒவ்வொரு நாளுக்கும் கேளுங்க. எதிர்ல நின்னது பல நாள் பிரிட்டிஷ் பக்கம் சண்டை போட்ட நம்ம இந்தியப் படைதான்.

எந்த டிவிஷன்னு கேட்டா 21வது பான்சர் டிவிஷன்தான் என் சாய்ஸ், பான்சர்னா ஜெர்மன்ல டேங்க் படை. ஆப்பிரிக்காவுக்கு முதல்ல வந்த ஜெர்மன் டிவிஷன் இதுதான், கடைசி வரைக்கும் அங்கயே இருந்துச்சு.

முதல்ல பேர் குழப்பத்தை சரி பண்ணிக்கங்க. வந்து இறங்கறப்ப இதுக்கு 21வது பான்சர்னு பேரே இல்ல, 5வது லைட் டிவிஷன்னுதான் பேரு, 1941 ஆகஸ்ட்லதான் 21வது பான்சர்னு மாத்தினாங்க. அதனால லிபியாவுல இருக்கற டோப்ரூக் துறைமுகத்தை முற்றுகை போட்ட ஆரம்பத்துல 21வது பான்சரைத் தேடினா கிடைக்காது, நெறைய பேர் இங்கயே வழுக்கிடறாங்க. அதே மாதிரி ஆப்ரிகா கோர்னு சொல்ற ஜெர்மன் படைப்பிரிவு ரோமெலோட மொத்தப் படை கிடையாது. 15வது பான்சரும் 21வது பான்சரும் சேர்ந்ததுதான் அதோட உடம்பு, ரோமெல் 1941 ஆகஸ்ட் வரைக்கும்தான் அதுக்கு நேரடி கமாண்டர். அப்புறம் அவர் மேல போயி பான்சர் க்ரூப், 1942 ஜனவரில பான்சர் ஆர்மின்னு ஆயிடுச்சு, அதுல ஆள் கணக்குல பாத்தா இத்தாலிக்காரங்கதான் அதிகம். இத்தாலிக்காரங்களை விட்டுட்டு எழுதற எந்தக் கதையையும் நம்பாதீங்க. நோட்டோட முதல் பக்கத்துல இதை எழுதிட்டு, கீழயே டிவிஷனுக்குள்ள இருக்கற யூனிட் நம்பரையும் எழுதிடுங்க: பான்சர் ரெஜிமென்ட் 5, ரைஃபிள் ரெஜிமென்ட் 104, ஆர்ட்டிலரி ரெஜிமென்ட் 155, வேவு பாக்கற பட்டாலியன் 3, டேங்க் எதிர்ப்பு பட்டாலியன் 39. பின்னாடி எங்கயாவது டிவிஷன் பேரே வராம "ரெஜிமென்ட் 5 வலது பக்கமா சுத்திப் போச்சு"ன்னு மட்டும் இருக்கும், அப்ப இந்தப் பக்கம்தான் கை கொடுக்கும். 104வது ரெஜிமென்ட் மட்டும் முதல்ல 15வது பான்சர்ல இருந்துட்டு அப்புறம் 21க்கு வந்தது, அதையும் பக்கத்துல குறிச்சுக்கங்க.

அடுத்து மேப். முதல் அக்ரஹாரம் பக்கம் ஏதாவது ஸ்டேஷனரி கடையில பெரிய சார்ட் பேப்பர் ஒண்ணு வாங்கிட்டு வந்து கையாலயே வரைங்க, ஃபோன்ல ஜூம் பண்ணிப் பாக்கறது இதுக்கு உதவவே உதவாது, ஜூம் பண்ணப் பண்ண தூரம் மறந்துடும், இந்தப் போர்ல தூரம்தான் எல்லாமே. இடது ஓரத்துல திரிப்போலி, வலது ஓரத்துல அலெக்சாண்ட்ரியா, நடுவுல எல் அகெய்லா, பெங்காசி, மெக்கிலி, டோப்ரூக், சொல்லும், ஹல்ஃபாயா, மெர்சா மத்ரூஹ், எல் அலமெய்ன். கடலை ஒட்டி ஒரே ஒரு தார் ரோடு, லிபியாவுக்குள்ள அது இத்தாலிக்காரங்க 1937ல முடிச்ச வியா பல்பியா. திரிப்போலில இருந்து பெங்காசி சுமார் 1000 கிலோமீட்டர், அதாவது நம்ம சேலம் டு சென்னை தூரம் மாதிரி மூணு மடங்கு. அங்கிருந்து டோப்ரூக் இன்னொரு 450, டோப்ரூக்ல இருந்து அலமெய்ன் 500க்கு மேல. தெக்க மணல் கடல், அங்க டேங்க் போகாது. அலமெய்ன்ல மட்டும் தெக்க கத்தாரா பள்ளம் இருக்கறதால சுத்திப் போக வழியே இல்ல, கடலுக்கும் பள்ளத்துக்கும் நடுவுல அறுபது கிலோமீட்டர் சில்லறைதான், 1942ல அங்க வந்து எல்லாம் நின்னுபோனதுக்கு அது ஒரு முக்கியமான காரணம்.

இப்ப லாரிக் கணக்குக்கு வருவோம். இந்த விஷயத்துல நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு வசதி இருக்கு, சங்ககிரி, நாமக்கல் பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது லாரில இருந்திருப்பாங்க, லோடு, ட்ரிப், டீசல், டயர்னு சின்ன வயசுலயே காதுல விழுந்திருக்கும். அதை அப்படியே இங்க போட்டுப் பாருங்க. பாலைவனத்துல ஒரு மோட்டார் டிவிஷனுக்கு தண்ணி சேர்த்து ஒரு நாளைக்கு 350 டன் சரக்கு வேணும்னு ஜெர்மன் தலைமையகமே கணக்குப் போட்டுச்சு. துறைமுகத்துக்கும் முன்னணிக்கும் 300 மைல், அதாவது 480 கிலோமீட்டர் இருந்தா, ரெண்டு டன் லாரி முப்பது முப்பதா 39 வரிசை வேணும்னாங்க. பெருக்கிப் பாருங்க, 1170 லாரி. இப்ப ஓடற பத்து சக்கர வண்டியை மனசுல வெச்சுக்காதீங்க, எல்லாம் ரெண்டு டன் வண்டி. 350 டன்னுக்கு தினமும் 175 லோடு போய் இறங்கணும், ஒரு வண்டி போயிட்டுத் திரும்பி வர்றதுக்கு ஆறு நாளைக்கு மேல ஆகும், அதனாலதான் 1170. இது ஒரே ஒரு டிவிஷனுக்கு, 480 கிலோமீட்டருக்கு மட்டும், ரிசர்வ் வண்டி எதுவும் சேர்க்காம. திரிப்போலில இருந்து எகிப்து பார்டர் வரைக்கும் நீட்டிப் பாருங்க, என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். கரையில இறங்கின பெட்ரோல்ல மூணுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் முன்னணிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ளயே வழியில தீர்ந்துடுதுன்னு ஒரு கணக்கு இருக்கு.

டேங்க் பக்கமும் இதே கணக்கைப் போடுங்க. டிவிஷனோட முதுகெலும்பு பான்சர் 3, இருபது டன்னுக்கு மேல எடை, அஞ்சு பேர், 320 லிட்டர் பெட்ரோல் டேங்க். ரோட்டுல அது 150 கிலோமீட்டர் சுமார் போகும், மணல்லயும் கல்லுலயும் 100 கூடத் தாண்டாது. அப்ப கிலோமீட்டருக்கு மூணு லிட்டருக்கு மேல. 100 டேங்க் 100 கிலோமீட்டர் மணல்ல நகர்ந்தா 30,000 லிட்டர், இருபது லிட்டர் ஜெர்மன் கேன்ல 1,500 கேன். அந்தக் கேனை நல்லா கவனிங்க, மூணு கைப்பிடி இருக்கும், ஒரு ஆள் நடுப்பிடியைப் பிடிச்சு ஒத்தையா தூக்கலாம், காலி கேன்னா ஒரே கையில ரெண்டு தூக்கலாம், ரெண்டு பேர் ஓரப்பிடியைப் பிடிச்சுக் கை மாத்தி விடலாம். தண்ணி கேன்ல மட்டும் பெரிய வெள்ளைச் சிலுவை வரைஞ்சிருப்பாங்க, பெட்ரோலோட கலந்துடக் கூடாதுன்னு. பிரிட்டிஷ்காரங்ககிட்ட இருந்த மெல்லிசான நாலு காலன் தகர டின் ஓட்டையாகி ஒழுகிக்கிட்டே வரும், அதனால ஜெர்மன் கேன் கையில சிக்கினா விடவே மாட்டாங்க, அப்புறம் அவங்களே அதைப் பாத்து செய்ய ஆரம்பிச்சாங்க.

இந்தக் கணக்கைக் கையில வெச்சுக்கிட்டு 1941 ஏப்ரலைப் படிங்க. 5வது லைட் டிவிஷன் கமாண்டர் ஷ்ட்ரைக், பெட்ரோல் நிரப்பி வர நாலு நாள் வேணும்னு சொல்றார். ரோமெல் கேக்கல, லாரில இருக்கற எல்லாத்தையும் கீழ இறக்கி வெச்சுட்டு வண்டி மொத்தத்தையும் பெட்ரோல் எடுக்க அனுப்பு, 24 மணி நேரம்தான் டைம்னு உத்தரவு போடறார். டிவிஷன் ஒரு நாள் முழுக்க பாலைவனத்துல நகர முடியாம நின்னுச்சு. அந்த நேரத்துல எதிரி திருப்பி அடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க. ரோமெலோட துணிச்சல்னு எல்லாரும் சொல்ற இடம் இதுதான், ஆனா ஷ்ட்ரைக் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சுன்னுதான் நான் நினைக்கிறேன், ஏன்னா அதே ஏப்ரல் 14ல சரியா தயாராகாம டோப்ரூக் மேல மோதி, ஆஸ்திரேலியக்காரங்களும் பிரிட்டிஷ் பீரங்கிகளும் காத்துக்கிட்டு இருந்த இடத்துல நேரா போய் விழுந்து 17 டேங்க் போச்சு. ஷ்ட்ரைக்கைப் பதவில இருந்து தூக்கினாங்க.

நடுவுல மெக்கிலி, ஏப்ரல் 8. இதை வேகமா தாண்டிப் போயிடாதீங்க. அங்க சுத்தி வளைக்கப்பட்டது 3வது இந்தியன் மோட்டார் பிரிகேட் (பிரிகேட்னா டிவிஷனை விடச் சின்ன படை), குதிரைப்படையா இருந்து லாரிக்கு மாறின ரெஜிமென்ட்டுங்க, டேங்க் ஒண்ணு கூட கிடையாது. சரணடையச் சொல்லி வந்த தூதை திருப்பி அனுப்பினாங்க, கடைசில விடியற நேரத்துல உடைச்சுக்கிட்டு வெளிய போகப் பாத்தாங்க, கொஞ்சம் பேர் தப்பிச்சு டோப்ரூக் பக்கம் போனாங்க, நிறைய பேர் கைதியானாங்க. அப்படிப் பிடிபட்ட இந்தியர்கள்ல 27 பேரைத் தேர்ந்தெடுத்து 1941 மே மாசம் பெர்லினுக்கு விமானத்துல கொண்டு போனாங்க, நேதாஜி ஜெர்மனில அமைச்ச இந்திய லீஜியனோட ஆரம்பம் அதுதான். நேதாஜி படம் மாட்டாத டீக்கடை நம்ம பக்கம் கம்மி, ஆனா அந்தக் கதையோட ஒரு நுனி லிபியால ஒரு கோட்டைச் சுவர் பக்கத்துல இருக்குன்னு தெரிஞ்சவங்க அதை விடக் கம்மி.

ஹல்ஃபாயா கணவாயைப் புரிஞ்சுக்க மட்டும் ஒரு ஞாயித்துக்கிழமை ஏற்காடு போயிட்டு வாங்க. லேடீஸ் சீட்ல நின்னு கீழ பாத்தா கொண்டை ஊசி வளைவு ரோடும் அதுக்குக் கீழ சேலமும் தெரியும். மேல ஏற ரோடு இருக்கற இடம் ரெண்டு மூணுதான், அந்த வாயில ஒருத்தன் பீரங்கி வெச்சுட்டு உக்காந்தா கீழ இருக்கறவன் நிலைமை என்னன்னு அங்க நின்னு பாத்தாலே தெரியும். லிபிய எல்லையில இருக்கற மேட்டுவிளிம்பு ஏற்காடு உயரம் கிடையாது, கிட்டத்தட்ட 200 மீட்டர்தான், ஆனா டேங்க்கால ஏற முடியாத செங்குத்து, சொல்லும், ஹல்ஃபாயா ரெண்டு இடத்துலதான் வழி. 1941 ஜூன் 15 பிரிட்டிஷ் பேட்டில்ஆக்ஸ் தாக்குதல் ஆரம்பிச்சப்ப ஹல்ஃபாயாவைப் பிடிச்சு வெச்சிருந்தது வில்ஹெல்ம் பாக்ங்கற கேப்டன், போருக்கு முன்னாடி சர்ச் பாதிரியார். அவர் ஆளுங்க 104வது ரெஜிமென்ட். மணல்ல குழி தோண்டி 88 மில்லிமீட்டர் விமான எதிர்ப்பு பீரங்கியை குழல் மட்டும் தரை மட்டத்துல தெரியற மாதிரி புதைச்சு வெச்சிருந்தாங்க. பிரிட்டிஷ் மட்டில்டா டேங்க்கோட முன் தகடு 78 மில்லிமீட்டர் கனம், அதுவரைக்கும் எதுவும் அதைத் துளைச்சதில்லங்கற நம்பிக்கையில மேட்டுப் பக்கமா வந்த ஸ்குவாட்ரன் கிட்டத்தட்ட மொத்தமா போச்சு. அதே நேரம் கீழ கடற்கரைப் பக்கமா ஏறப் பாத்தது 4வது இந்தியன் டிவிஷனோட 11வது பிரிகேட், கூட வந்த டேங்க்கெல்லாம் மைன்ல (கண்ணிவெடில) மாட்ட, காலாட்படை திரும்பத் திரும்ப முயற்சி பண்ணியும் கணவாய் கிடைக்கல. மூணாவது நாள் 5வது லைட்டும் 15வது பான்சரும் பக்கவாட்டுல சுத்தி வர, பிரிட்டிஷ் பின்வாங்கிடுச்சு.

இங்க ஒரு பாடம் இருக்கு, இதைப் பிடிச்சுக்கிட்டா மத்த சண்டை எல்லாம் சுலபமா புரியும். ஜெர்மன்காரங்க டேங்க்கை டேங்க்கோட மோத விட்டதை விட, டேங்க்கைக் காட்டி எதிரியை இழுத்துட்டு வந்து மறைச்சு வெச்ச டேங்க் எதிர்ப்பு பீரங்கி முன்னாடி நிறுத்தினதுதான் அதிகம். ஒவ்வொரு சண்டையிலயும் "பீரங்கி எங்க இருந்துச்சு"ன்னு தேடி மேப்ல சிவப்புப் புள்ளி வைங்க.

டேங்க் எண்ணிக்கை படிக்கறப்ப கொஞ்சம் ஜாக்கிரதை. அழிஞ்சது வேற, நின்னுபோனது வேற. சண்டை முடிஞ்ச களம் யார் கையில இருக்கோ அவங்க ராத்திரியே இழுத்துட்டுப் போய் ரிப்பேர் பண்ணி திரும்ப இறக்கிடுவாங்க, ஜெர்மன் ரிப்பேர் கம்பெனிங்க இதுல கெட்டிக்காரங்க. அதனால இன்னிக்கு 20ன்னு இருக்கும், நாலு நாள் கழிச்சு 50ன்னு இருக்கும், புத்தகம் தப்புன்னு நினைக்காதீங்க.

எப்பவும் ரெண்டு பக்கமும் படிங்க, இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஜெர்மன் ஜெனரல்கள் போருக்கு அப்புறம் எழுதின நினைவுக் குறிப்புகளை மட்டும் படிச்சா எல்லாத் தப்பும் ஹிட்லருதும் இத்தாலிக்காரனுதும்னே வரும். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா அரசாங்கங்க வெளியிட்ட அதிகாரபூர்வ போர் வரலாறுகள் இணையத்துல இலவசமாவே இருக்கு, ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கோட இருக்கும். உதாரணத்துக்கு 1941 நவம்பர்ல பிரிட்டிஷ்காரங்க ஆரம்பிச்ச க்ரூசேடர் தாக்குதலை எடுங்க. ரோமெல் எகிப்து எல்லைக் கம்பிவேலி வரைக்கும் பாய்ஞ்சதை ஜெர்மன் கதையில வீர சாகசமா சொல்வாங்க. அதே 25ம் தேதி 21வது பான்சரோட ரெஜிமென்ட் 5 சிடி ஒமர்ல 4வது இந்தியன் டிவிஷனோட 7வது பிரிகேட் மேல போய் மோதி, பிரிட்டிஷ் 25 பவுண்டர் பீரங்கிகள் கிட்டக்க வர விட்டு நேரா சுட்டதுல நொறுங்கிப் போச்சு, ரெஜிமென்ட் கமாண்டரும் அன்னிக்கே விமானத் தாக்குதல்ல செத்துட்டார். நாலு நாள் கழிச்சு டிவிஷன் கமாண்டர் ஃபான் ராவென்ஷ்டைனே நியூசிலாந்துக்காரங்க கையில மாட்டிக்கிட்டார்.

அதை விட முக்கியமா நான் நினைக்கிறது 1942 ஜூலை 1, அலமெய்ன் பக்கத்துல டெய்ர் எல் ஷெய்ன். டோப்ரூக் ஜூன் 21ல விழுந்து முப்பதாயிரத்துக்கு மேல கைதிங்க, கெய்ரோவுல ஆபீஸ் ஃபைலை எல்லாம் எரிச்சுக்கிட்டு இருக்காங்க, ரோமெல் அலமெய்னைத் தாண்டிட்டா நைல் வரைக்கும் தடுக்க பெருசா எதுவும் இல்ல. அந்த இடத்துல நின்னது ஈராக்ல இருந்து அவசர அவசரமா வந்த 18வது இந்தியன் பிரிகேட். சீக்கியர், கூர்க்கா, ஒரு எசெக்ஸ் பட்டாலியன், கூட ஒன்பது மட்டில்டா. பாறைத் தரையில குழி தோண்ட முடியாம திணறி, மைன் முழுசா வைக்கறதுக்குள்ள சண்டை வந்துடுச்சு. அன்னிக்கு மணல் புயல் வேற. ஆப்ரிகா கோர் ரெண்டு பான்சர் டிவிஷனும் சேர்த்து 55 டேங்க்கோட வந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் பிரிகேட் தாக்குப் பிடிச்சுச்சு, அப்புறம் அழிஞ்சே போச்சு. ஆனா ஜெர்மன்கிட்ட மிச்சம் 37 டேங்க். அந்த ஒரு நாள் தாமதத்துல பின்னாடி கோடு கெட்டியாயிடுச்சு. யூட்யூப்ல அலமெய்ன்னா பிரிட்டிஷ் ஜெனரல் மாண்ட்கோமரி, அக்டோபர் 23, ஆயிரம் பீரங்கின்னுதான் ஓடும், இந்த ஜூலை 1 ஒரு வரியாவது வருதான்னு பாருங்க.

அக்டோபர் அலமெய்ன்லயும் பெட்ரோலைத்தான் பாக்கணும். 21வது பான்சர் தெக்க நிக்குது, வடக்க அடி விழுது. 26ம் தேதி ராத்திரி ரோமெல் அதை வடக்க இழுக்கறார், இழுத்தா திரும்ப தெக்க அனுப்ப பெட்ரோல் கிடையாதுன்னு தெரிஞ்சே இழுக்கறார். ஒரு டிவிஷனோட முடிவே அந்த ஒத்தை வழி டிக்கெட்ல இருக்கு. அதுக்கு முன்னாடி அலமெய்ன் பக்கத்துலயே ஆலம் ஹல்ஃபா மேட்டுச் சண்டையிலயும் இதே கதைதான், எண்ணெய்க் கப்பலுங்க கடல்ல மூழ்கிப் போயிடுச்சு, டிவிஷன் கமாண்டர் ஃபான் பிஸ்மார்க் அங்கதான் செத்தார்.

இப்ப நம்ம வீட்டுப் பக்கம் வருவோம். 4வது இந்தியன் டிவிஷன்ல மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனிங்க இருந்துச்சு, 12வது ஃபீல்டு கம்பெனி, 11வது ஃபீல்டு பார்க் கம்பெனி. தமிழ், தெலுங்கு, மலையாள ஆளுங்க, மைன் எடுக்கறது, ரோடு போடறது, தண்ணி எடுக்கறது அவங்க வேலை. ஆத்தூர், ஓமலூர், ராசிபுரம் பக்கம் "தாத்தா பட்டாளத்துல இருந்தாரு"ன்னு யாராவது சொன்னா பொட்டியில மெடல் இருக்கான்னு கேளுங்க. ஆப்பிரிக்கா ஸ்டார் ரிப்பன் மணல் கலர்ல இருக்கும், நடுவுல சிவப்புப் பட்டை, ஒரு பக்கம் கருநீலப் பட்டை, இன்னொரு பக்கம் வெளிர்நீலப் பட்டை. பர்மா ஸ்டார்னா கருநீல ரிப்பன், நடுவுல சிவப்பு, ரெண்டு பக்கக் கருநீலத்துக்கும் நடுவுல ஒரு ஆரஞ்சுக் கோடு. நம்ம பக்கத்துல பர்மா போனவங்களும் நிறைய பேர், அதனால ரிப்பனைப் பாக்காம தாத்தா ரோமெலோட சண்டை போட்டார்னு எழுதிடாதீங்க. மெடலைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், போட்டோ எடுத்துட்டு துணியில சுத்தி வெச்சுடுங்க. டிஸ்சார்ஜ் பேப்பர் இருந்தா ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணுங்க, பட்டாள நம்பர்தான் அதுல உயிர், பெங்களூர்ல மெட்ராஸ் சாப்பர்ஸ் சென்டருக்கு எழுதிக் கேக்கறதா இருந்தாலும் அந்த நம்பர்தான் வேணும். திரும்பி வராதவங்கன்னா காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட இணையதளத்துல தேடலாம், அப்பா பேர், ஊர் பேர் போட்டு "சேலம், இந்தியா"ன்னு வர்ற பதிவுகள் உண்டு. ராமசாமிங்கற ஒரு பேரை அவங்க நாலு விதமா எழுதியிருப்பாங்க, எல்லா விதத்துலயும் தேடுங்க. அலமெய்ன் கல்லறையிலயே தகனம் பண்ணினவங்களுக்குத் தனி நினைவிடம் இருக்கு, 600க்கு மேற்பட்ட பேருங்க.

இன்னொண்ணு, பாலைவனத்துல நடந்தது கனவான்கள் சண்டைன்னு சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க. இந்த டிவிஷன் கெய்ரோவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தா பின்னாடியே போக வால்டர் ரௌஃப் தலைமையில நாஜிகளோட எஸ்எஸ் படைக் குழு ஒண்ணு 1942ல ஏதென்ஸ்ல தயாரா காத்துக்கிட்டு இருந்துச்சு, பாலஸ்தீன யூதர்களைக் கொல்றதுக்கு. அதே ரௌஃப் அப்புறம் துனிஷியா வந்து அங்கத்து யூதர்களைக் கட்டாய வேலைக்கு இழுத்தான். டேங்க்கோட வேகத்தை ரசிக்கறப்ப அந்த வேகம் எதுக்கு வழி விட்டிருக்கும்ங்கறதும் நோட்டுல இருக்கணும். மைன் புதைச்ச பூமில இன்னும் எகிப்து பெதூயின் ஜனங்க கை கால் இழக்கறாங்க.

துனிஷியா பகுதியை கொஞ்சம் சுருக்கமாவே படிச்சுக்கலாம். 1943 பிப்ரவரி 14 சிடி பூ சிட்ல அமெரிக்கக்காரங்களை 21வது பான்சர் அடிச்சது, மார்ச் 6 மெடனைன்ல பிரிட்டிஷ் டேங்க் எதிர்ப்பு பீரங்கிகிட்ட திருப்பி வாங்கினது, இந்த ரெண்டும் போதும். ஹல்ஃபாயால ஜெர்மன்காரங்க செஞ்ச அதே வேலையை மெடனைன்ல அவங்களுக்கே செஞ்சாங்க. மே 12ல ஜெர்மன் தளபதி ஃபான் ஆர்னிம் சரணடைஞ்சது 4வது இந்தியன் டிவிஷன் ஆளுங்ககிட்ட, 13ம் தேதியோட ஆப்பிரிக்காவுல எல்லாம் முடிஞ்சது. 1944 நார்மண்டில கான் நகரத்துப் பக்கம் 21வது பான்சர்னு ஒண்ணு வரும், அது 1943 நடுவுல பிரான்ஸ்ல அதே நம்பர்ல புதுசா திரட்டினது, ஆளுங்க பெரும்பாலும் வேற, டேங்க்கும் வேற, அதுக்கு வேற நோட்டு போடுங்க.